பதினோராம் காம்பரா

மேமலைத் தேயிலைத் தோட்டத்து நாலாம் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பராக்கள். வெள்ளைக்காரன் கட்டியபோது பத்து, அரசாங்கம் எடுத்தபோது பத்து, தொண்ணூற்றிரண்டில் கம்பனிக்காரன் கைக்குப் போனபோதும் அதே பத்து. பதினோராவது ஒன்று வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், போனது அடுத்த ஆண்டு பிறந்த கையோடு. அது போனதில் எனக்கும் பங்கிருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டியதில்லை.

என் பெயர் சிவபாதம். யாழ்ப்பாணத்தான். ராகலையில் பஸ் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, இரண்டு மைல் மேலே நடந்தால் வரும் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் படிப்பித்தேன். குடியிருக்கத் தோட்டம் ஒரு குவாட்டர்ஸ் தந்திருந்தது. இரண்டு அறை, குசினி, குழாய்த் தண்ணீர். வாடகை கிடையாது, எழுத்தும் கிடையாது. தோட்டத்து மனேஜர் துரை இரு என்றால் இருக்கலாம், எழும்பு என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். லயத்துச் சனங்களின் நிலையும் இதேதான். ஆனாலும் அவர்கள் வேறு, நான் வேறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தவன் அல்லவா!

பத்தாம் காம்பரா, அதாவது லயத்தின் கடைசி அறை, கந்தப்பனுடையது. கந்தப்பன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மனைவி நாகலெட்சுமி கொழுந்து எடுப்பவள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அவர்களும் இரண்டு பெண் பிள்ளைகளும். முன்னால் இஸ்தோப்புத் திண்ணையைத் தகரத்தால் அடைத்து அடுப்பு வைத்திருந்தார்கள். மூத்தவன் கிஷாந்துக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு வந்தால் அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான் காலை மடக்கிப் படுப்பான். மழை பெய்தால் அறைக்குள் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மழை பெய்யாத மாதத்தை விரல் விட்டு எண்ணலாம்.

கிஷாந்துக்கு வட்டகொடையில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார். சுற்றிப் பார்க்க ஒன்றும் இல்லாததால் இருந்த இடத்தில் இருந்தே நாலு சுவரையும் பார்த்தார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. புதுசா கல்யாணம் கட்டுன ரெண்டு பேரும் எங்கங்க படுப்பாங்க?"

கந்தப்பன் தலையைச் சொறிந்தான். நாகலெட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"தையிக்குள்ள தனிக் காம்பரா இருக்கும். இல்லாட்டி நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு வாய்ச்சொல்லுக்காகத்தான் இத்தனையும்.

லயத்தின் ஓரத்தில், பத்தாம் காம்பராவை ஒட்டி, அவர்கள் போஞ்சியும் லீக்ஸும் போட்டிருந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே கட்டினால் ஒரு பக்கச் சுவர் மிச்சம். தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாவிடம் போனார்கள். அவர் துரையைப் பார்த்துவிட்டு வந்து, "பேசிட்டேன், கட்டுங்க" என்றார்.

"கடுதாசி ஏதும் குடுத்தாராங்க?" என்று நாகலெட்சுமி கேட்டாள்.

"ஏம்மா, என் வாயே கடுதாசி இல்லையா? தலைவரு சொன்னா பத்தாதா ஒனக்கு?"

பத்தாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தையும் கிட்டே வந்துகொண்டிருந்தது.

கிஷாந்த் மூன்று வருடம் சேர்த்ததெல்லாம் சிமெண்டுக் கல்லாக வந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இறங்கியது. லொறி அதற்கு மேல் ஏறாது. அங்கிருந்து லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், நாலாம் லயத்துப் பெண்கள் காலியான கூடைக்குள் ஆளுக்கொரு கல்லைப் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். காலையிலிருந்து மலையில் நின்ற கால்கள். மழையில் நனைந்த படங்குச் சாக்கு இடுப்பில் ஒட்டியிருக்கும். அப்படியும் ஏச்சும் சிரிப்புமாக ஏறினார்கள். மூன்றாம் காம்பராக் காளியாயி ஒவ்வொரு கல்லையும் இறக்கும்போது எண்ணிக்கை சொல்லுவாள்.

"நாப்பத்தொண்ணு! ஏய் நாகு, ஓ மருமக வந்து எனக்கு நாப்பத்தொரு தேத்தண்ணி ஊத்தணும், சொல்லிப்புட்டேன். சீனி போட்டு."

"சீனி என்னடி, பாலே ஊத்துறேன். ஏறு, ஏறு, இருட்டப் போவுது."

கந்தப்பன்தான் மேசன். சிமெண்ட் போதாமல் பாதிக்குக் களிமண் குழைத்துச் சுவரை எழுப்பினான். பழைய தகரம் போட்டான், தரைக்குச் சாணி மெழுகினார்கள். பின்னால் ஒரு மலசலகூடம். நாலாம் லயத்துப் பத்துக் குடும்பத்துக்கும் இருந்தது இரண்டு கக்கூஸ். ஒன்றுக்குக் கதவு கிடையாது. ஆகையால் கதவு போட்ட கக்கூஸைப் பார்க்கவே நாலைந்து பேர் வந்து போனார்கள்.

எல்லாம் முடிந்த அன்று கந்தப்பன் ஒரு காரியம் செய்தான். வாசலுக்குப் பக்கத்தில், சுவரின் நடுக்கல்லில், லயத்தில் மற்ற அறைகளுக்கு இருப்பது போலவே வெள்ளை வட்டம் போட்டு, அதற்குள் கறுப்பு மையால் 11 என்று எழுதினான். நாகலெட்சுமிக்கு அதைக் கண்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளங்காத மனுசா! இது நம்ம வூடு. நம்ம வூட்டுக்கு எதுக்குய்யா தோட்டத்து நம்பரு?"

"நம்பரு இல்லாம எப்புடிடீ? மருந்து துண்டு எழுதுனா லயத்து நம்பரு, காம்பரா நம்பரு கேப்பான். கடுதாசி வந்தா கேப்பான். புள்ள பொறந்தா பேரு பதிய கேப்பான். நம்பரு இல்லாட்டி மனுசன் எங்க இருக்கான்னு எவனுக்குத் தெரியும்?"

"நாந்தான் இருக்கேனே, எனக்குத் தெரியாதா?"

என்னையும் இழுத்தார்கள். "நம்பர் இருந்தால் நல்லதுதானே. கிடக்கட்டும் விடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறந்ததிலிருந்து நம்பர் போட்ட அறையில் வாழ்ந்தவனுக்கு நம்பர் இல்லாத வீடு வீடாகவே தெரியாது. கந்தப்பனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எனக்கு அறிவு எங்கே போனது?

கார்த்திகை மாதம். ஒரு நாள் காலை பெரியதுரை ஜீப்பில் வந்து லயத்துக்கு முன் இறங்கினார். கம்பனி மாற்றி மாற்றி அனுப்பும் துரைமாரில் இவர் நாலாவது ஆள். சிங்களவர். தோட்டத் தமிழ் பேசுவார். அதில் மரியாதைப் பன்மை மட்டும் கிடையாது.

"யார் கட்டினது இது?"

"நாங்கதாங்க தொரை. தலைவரு ஒங்ககிட்ட கேட்டாருங்களே" என்றான் கந்தப்பன்.

"நான் எழுதிக் குடுத்ததா? இது கம்பனி காணி. அடுத்த மாசம் வெளிநாட்டுல இருந்து ஆள் வாறான், லயம் பாக்க. இந்தக் குப்பை எல்லாம் இருக்கக் கூடாது. ஒரு கெழமை டைம். ஒடைக்க வேணும்."

"குப்பையா?" என்று உள்ளேயிருந்து வந்தாள் நாகலெட்சுமி. "ஏந்தொரை, அந்தா ஒழுகுதே பத்தாம் காம்பரா, அது குப்பை இல்லையா? எத்தன தரம் தகரம் கேட்டோம்? ஒரு ஆணி குடுத்தீங்களா?"

"நீ அதிகம் பேசுறது."

"பேசாம இருந்துதான் இந்தக் கெதி."

கந்தப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். துரை ஜீப்பில் ஏறப் போனவர், திரும்பி அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார். வெள்ளை வட்டத்தையும் 11ஐயும் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

வீரய்யாவிடம் ஓடினார்கள். "நான் கட்டச் சொன்னேன், சரி. காம்பரா மாதிரி கட்டச் சொன்னேனா? சின்னதா குசினி மாதிரி கட்டியிருக்கணும்" என்றார் தலைவர். தலைவருக்கும் ஒரு கலியாணம் கட்டிக்கொடுத்த மகள் இருந்தாள், மருமகனோடு அவர் காம்பராவிலேயே. அது பிறகு வரும்.

இரண்டு நாள் கழித்துத் துரை என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டார். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. வெட்கங்கெட்ட பெருமை.

வரப்போவது ஐரோப்பாவில் தேயிலை வாங்கும் பெரிய கம்பனியின் ஆட்கள் என்றார். தொழிலாளிக்கு நல்ல வீடு இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா என்று பார்த்துச் சரி பிழை போடுவார்களாம். சரி போட்டால் தேயிலைப் பெட்டியில் ஒரு முத்திரை, நல்ல விலை. அங்கே தேத்தண்ணி குடிக்கிறவர்களுக்கு மனம் நிம்மதியாக இருக்க வேண்டுமாம்.

"அந்தப் பதினோராம் அறையை உடைக்க வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறேன். நல்லாகத்தான் கட்டியிருக்கிறார்கள். நம்பர்கூடப் போட்டிருக்கிறார்கள். தோட்டம் கட்டிய புது அறை என்று காட்டலாம். நீங்கள்தான் மொழிபெயர்க்கப் போகிறீர்கள், மாஸ்டர்." பிறகு தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "குவாட்டர்ஸ் எல்லாம் வசதியாக இருக்கிறதா?"

வசதியாக இருக்கிறது என்றேன்.

அன்று பின்னேரமே பத்தாம் காம்பராவுக்குப் போய்ச் சொன்னேன். "துரை உடைக்க மாட்டாராம். வாற ஆக்களிட்டைத் தோட்டம் கட்டித் தந்தது எண்டு மட்டும் சொல்லச் சொல்லுறார். ஒரு சொல்லுத்தானே. வீடு மிஞ்சும்."

"சொல்லிட்டுப் போவம் புள்ள" என்றான் கந்தப்பன். "வாயால சொன்னா செவுரு எடம் மாறிருமா?"

"மாறும்யா. வாயால சொல்லித்தான் கட்டுனோம், இப்ப வாயால சொல்லித்தான் புடுங்கப் போறான். மாஸ்டர், நீங்க படிச்சவங்க. மத்தவன் பெத்த புள்ளைக்கு எவனாச்சும் தகப்பன்னு பேரு எழுதுனா, நீங்க சரின்னு சொல்லுவீங்களா?"

"நாகலெட்சுமி, கோவப்படாமல் யோசியுங்கோ. பொடியன்ரை கலியாணம்..."

"நாஞ் சொல்ல மாட்டேன். கேட்டா உள்ளதச் சொல்லுவேன். நீங்க அத அப்புடியே இங்கிலீசுல சொல்லுங்க, போதும். வெள்ளக்காரன் கேக்கத்தானே வாறான்? கேட்டுட்டுப் போவட்டும்."

என்னை நம்பித்தான் சொன்னாள்.

மார்கழியில் வந்தார்கள். அதற்கு முதல் வாரம் பாதையோரத்து லயங்களுக்கு முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்தார்கள். கதவில்லாத கக்கூஸுக்குக் கதவு வந்தது, ஆட்கள் போன பிறகு அந்தக் கதவும் போனது. வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் அட்டையும் பேனாவும். நல்ல பெண்தான், அதைச் சொல்ல வேண்டும். சாணித் தரையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினாள். புதுச் சுவரைத் தடவிப் பார்த்தாள், பின்னால் போய்க் கக்கூஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு நாகலெட்சுமியிடம் கேட்கச் சொல்லி என்னைப் பார்த்தாள்.

"இந்த வீட்டைக் கட்டித் தந்தது ஆரெண்டு கேக்கிறா" என்றேன்.

நாகலெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஆரும் கட்டித் தரலங்க. எம்புள்ள ஒழச்ச காசு, எம்புருசன் கை, இந்த லயத்துப் பொம்பளைக முதுகு. தோட்டம் ஒரு ஆணி தரல. ஒடைக்கத்தான் சொன்னாங்க. அப்புடியே சொல்லுங்க மாஸ்டர்."

துரை என் பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் விளங்கும். அவர் நாகலெட்சுமியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, கீழே தெரிந்த என் குவாட்டர்ஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். புதிய அறையைக் கட்டித் தந்ததற்குத் தோட்ட நிர்வாகத்துக்குத் தன் குடும்பமே நன்றி உடையதாக இருக்கிறது என்று இந்தப் பெண் சொல்லுகிறாள் என்றேன். நல்ல ஆங்கிலம். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. நாகலெட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தான் சொன்னதைக் கேட்டுத்தான் அவள் கலங்குகிறாள் என்று நினைத்து, நாகலெட்சுமி அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "அழுவாதீங்கம்மா, கட்டிட்டோம்தானே" என்று சிரித்தாள். அதைப் படம் பிடித்தார்கள்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காமல் இருந்து யாருக்கு என்ன லாபம்?

தை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துப் பலகையில் அறிவித்தல் ஒட்டினார்கள். தோட்டத்தின் புதிய அறை, நாலாம் லயம் பதினோராம் இலக்கம், காத்திருப்போர் பட்டியலின் முதல் ஆளுக்கு வழங்கப்படுகிறது. பட்டியலின் முதல் ஆள் தலைவர் வீரய்யாவின் மருமகன். தை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிக் குடிபோவார்கள்.

நாகலெட்சுமி கொழுந்துக் கூடையோடே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், நாந்தான் அந்த வெள்ளக்காரம்மாகிட்ட எல்லாஞ் சொன்னேனே. அவங்களுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. நேர்ல வந்து கேட்டவங்கதானே? இது தோட்டத்து வூடு இல்லன்னு அவங்களுக்குத் தெரியுந்தானே?"

நான் சோக்கட்டியைக் கீழே வைத்தேன்.

"மாஸ்டர்... நாஞ் சொன்னதத்தானே சொன்னீங்க?"

"இல்லை" என்றேன். "துரை பக்கத்திலை நிண்டவர். நான் வேறை மாதிரிச் சொல்லிப்போட்டன்."

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்களுக்குக் கொழா தண்ணி வருதில்ல" என்றாள். "வரட்டும். நல்லா குடிங்க."

போய்விட்டாள். நாற்பது பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதில் அவளுடைய சின்ன மகளும் ஒருத்தி.

பின்னேரம் லயத்தில் பெரிய சண்டை. வீரய்யாவும் வந்தார், மருமகனும் வந்தான்.

"லிஸ்ட்டுப்படிதாம்மா நடக்குது. நான் என்ன களவா எடுத்தேன்?" என்றார் தலைவர்.

"லிஸ்ட்டு நீ எழுதுனது. கல்லு நாங்க சொமந்தது. ஓ மக ஒரு கல்லு தூக்குனாளா? கேக்குறேன், ஒரு கல்லு?"

"தோட்டத்து நம்பரு போட்ட காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். ஓம்புருசன் கையால எழுதுன நம்பரு. வேணும்னா கோட்டுக்குப் போ."

கந்தப்பன் இஸ்தோப்பில் குந்தியிருந்தான். எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த 11ஐ உள்ளங்கையால் தேய்த்தான். காய்ந்த மை போகவில்லை. பிறகு அங்கேயே நின்று தலையில் அடித்துக்கொண்டான். காளியாயிதான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"போலீசுக்குப் போவமா நாகு?"

"போலீசு எங்க தங்கியிருக்கான்னு பாத்தியா? தோட்டத்துக் கட்டடத்துல" என்றாள் நாகலெட்சுமி.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா, வேலையில்லாத நாள். காலைப் பனி விலகும் முன்பே அவள் பீலிக்கரையில் நின்று பெண்களைக் கூப்பிட்டாள். அங்கேதான் எல்லாரும் தண்ணி பிடிக்க வருவார்கள்.

"கல்லு சொமந்தவளுக எல்லாம் வாங்கடி. சொமந்த கல்ல எடுத்துக்கிட்டுப் போங்க."

"என்னாடி சொல்றே?"

"அவனுக பால் காச்ச நாங்க சொமக்கல. ஆளாளுக்கு ஒங்க கல்லத் தூக்குங்க. அடுப்புக்கு வையி, கக்கூசுக்கு வையி, கோழிக்கூடு கட்டு. எனக்கு ஒரு கல்லு போதும்."

கந்தப்பன் கூரையில் ஏறித் தகரத்தைக் கழற்றினான். களிமண் குழைத்த சுவர் அலவாங்குக் குத்துக்கு இலேசாக விட்டது. எட்டு மணிக்கெல்லாம் பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள். கட்டும்போது இருந்த சிரிப்பு இல்லை. காளியாயி மட்டும் எண்ணினாள். நாற்பத்தொன்று வரும்போது எண்ணுவதை நிறுத்தினாள். "நாசமா போவானுக" என்று மலையைப் பார்த்துக் கத்திவிட்டு அடுத்த கல்லைத் தூக்கினாள். ஓடிவந்த காவல்காரன் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போனான்.

நானும் போனேன். ஒரு கல்லைத் தூக்கக் குனிந்தேன்.

"வெய்யிங்க மாஸ்டர்" என்றாள் நாகலெட்சுமி. "அது நீங்க சொமந்த கல்லு இல்ல."

வைத்துவிட்டேன். பொழுது சாய்வதற்குள் அங்கே சாணி மெழுகிய ஒரு சதுரமும் போஞ்சிக் கொடியும்தான் மிச்சம்.

மறுநாள் காலை பெரட்டு. நான் போக வேண்டிய இடமில்லை, ஆனாலும் போனேன். குளிரில் கைகட்டி எல்லாரும் நின்றார்கள். துரை அன்று சீக்கிரமே வந்துவிட்டார், விஷயம் காதுக்குப் போயிருந்தது. கணக்கப்பிள்ளை புத்தகத்தை மேசையில் விரித்துப் பெயர் கூப்பிட்டார்.

"நாகலெட்சுமி!"

அவள் கூடையோடு முன்னே வந்தாள். நெற்றியில் கயிறு இறுகியிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி, உள்ளே இருந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கி, விரித்த புத்தகத்தின் மேலேயே வைத்தாள். மேசை ஆடியது. கல்லில் வெள்ளை வட்டம், அதற்குள் 11.

"இந்தாங்க தொரை. ஒங்க காம்பரா. கொண்டாந்துட்டேன். ஆருக்கு வேணுமோ குடுங்க."

துரையின் முகம் சிவந்தது. "என்ன இது? என்ன பேசுறா இவ?" என்று கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கல்லைப் பார்த்தார். தமிழ் விளங்கும் துரைக்கு அன்று தமிழ் விளங்கவில்லை.

நாகலெட்சுமி திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

"மாஸ்டர், தொரைக்கு வெளங்கலையாம். நீங்கதானே இங்கிலீசுல சொல்றவரு? சொல்லுங்க."

முழுப் பெரட்டும் என் பக்கம் திரும்பியது. வீரய்யாவும் பார்த்தார், துரையும் பார்த்தார். துரை மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

நான் முன்னால் போய் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளைக்காரப் பெண் வந்த அன்று அவள் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன், மகன் காசு, புருசன் கை, பெண்களின் முதுகு, தராத ஆணி, எல்லாம். இலக்கணம் இரண்டு இடத்தில் பிழையாகிப்போனது.

நாகலெட்சுமி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். முடிந்ததும் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இதத்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

வட்டகொடைப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தை கடைசியில் நானும் குவாட்டர்ஸைக் காலி செய்தேன்.